பாவா அமைத்த காற்றுவழி

வகுப்பிலிருந்து என்னை வெளியே அழைத்து, "உங்க பாவாவுக்கு உடம்பு சரியில்லையாம், வீட்டுக்குப் போம்மா" என்றார் டீச்சர். தெருமுனைக்கு வரும்போதே அக்காவின் அழுகை கேட்டது. அக்கா கணவரைத்தான் பாவா என்பேன். நாளை கருமாதிக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வீடு தூங்கிய பிறகு, ஒளிந்து இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஆய்வுக்கூடத்துக்கான கண்ணாடிக் குழாய்கள் செய்யும் பட்டறைக்கு ரயிலில் போய்வந்தவர் பாவா. அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சின்ன அறையில் கேஸ் டார்ச் வைத்து, மலைக்கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடி மயில் செய்தார். முதல் மயிலுக்கு முன் ஒரு மாதம் காற்றைப் பற்றியே யோசித்தார். மேசைக்கு மேல் தகரக் கூண்டு. அதிலிருந்து புகையை வெளியே தள்ள ஒரு ஃபேன். "வெளிய போறதுக்கு மட்டும் வழி வெச்சா போதாதும்மா, உள்ள வர்றதுக்கும் வேணும், இல்லன்னா புகை உள்ளயே தங்கி ஆளக் கொன்னுடும்" என்பார். கதவைத் திறந்தால் சுடர் ஆடும். அதனால் தன் முதுகுக்குப் பின்னால், தரையோரம், தறி இருக்கும் கூடத்துச் சுவரில் ஓர் ஓட்டை போட்டார்.

சோதித்துப் பார்க்க என்னிடம் ஊதுபத்தியைக் கொடுத்து ஓட்டையருகே உட்காரவைத்தார். நைனா, அதாவது எங்கள் அப்பா, தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா மாப்ள, டார்ச்சுக்குப் பூஜையா?" என்றார்.

"காத்துக்கு, மாமா. அது கோச்சிக்கினா நான் அம்பேல்."

புகை அவர் முகத்துக்கு வராமல் கூண்டுக்குள் போனது. பாவா கைதட்டிச் சிரித்தார்.

ஆனால் அந்த ஃபேன் தறிப்பக்கத்துக் காற்றை இழுத்ததில் நூல் காய்ந்து அறுந்தது. பாவா வேலை செய்யாத நேரத்தில் நைனா ஓட்டையைப் பலகையால் மூடிவிடுவார். டார்ச் பற்றவைக்கும் முன் பலகையை எடுப்பது என் பொறுப்பு. "தொறந்துட்டியாம்மா?" என்று உள்ளிருந்து கேட்பார். "ஆங் பாவா" என்ற பிறகுதான் பற்றவைப்பார்.

பாவா போன அன்று காலை நைனா நூல் வாங்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார். நான் ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். பாவா கேட்டார். பின்னி முடித்துவிட்டு எடுக்கலாம் என்று, "ஆங் பாவா" என்றேன். பிறகு மணியைப் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டீ கொண்டுபோன அக்காதான் அவர் மேசையில் சரிந்து கிடந்ததைப் பார்த்தாள். மாரடைப்பாக இருக்கும் என்றார் டாக்டர். வந்தவர்கள் எல்லோரும் பாவாவைச் சுற்றி நின்றபோது, நான் கூடத்துக்குப் போய்ப் பலகையை எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

"டீய சீக்கிரமா எடுத்துக்கினு போயிருந்தா பொழச்சிருப்பாரு. நான்தான் கொன்னுட்டேன்" என்று அன்றிலிருந்து அக்கா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. "அப்டிலாம் இல்லக்கா" என்கிறேன்.

பாவாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். யாராவது சொல்லிவைத்த மயில் உடைந்துபோனால், அவர்கள் வந்து கேட்கும் முன்பே எழுந்து நின்று, "என் கையாலதாங்க போச்சு" என்பார். கண்ணாடியைக் குறை சொல்லமாட்டார், கேஸைக் குறை சொல்லமாட்டார். நைனா அடிப்பார் என்று எனக்குப் பயமில்லை. அக்கா இனி என் முகத்தைப் பார்க்கமாட்டாளே என்றுதான் பயம். ஆனாலும் நீங்கள் எல்லோரும் வருவதற்கு முன், விடிந்ததும் இந்தத் தாளை அவளிடம் கொடுத்துவிடுவேன். டீயால் இல்லை அக்கா, என் கையால்.