நிமிர்த்தக் கூடாத பன்னிரண்டு குச்சிகள்

ஞானப்பிரகாசம் சார் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, ஊராட்சி அலுவலகத்தில் ஒழுகும் மூலைக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தேன். நான்கு நாளாக விடாத மழை. "நேத்து சாயங்காலம்கூட உங்களைத்தானுங்க அக்கா கேட்டாரு. குச்சியைப் போய்ப் பாத்தாங்களான்னு" என்றாள் அழுகைக்கு நடுவே. பார்த்தார்கள் என்று சொல்லி வைத்தாளாம். நான் மூன்று வாரமாக அந்தப் பக்கம் போகவே இல்லை.

சாரைத் தெரிந்தவர்களுக்கு எந்தக் குச்சி என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண்வளப் பாதுகாப்புத் துறையில் பாதி ஆயுளைக் கழித்து, ஓய்வு பெற்ற கையோடு எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தவர் அவர். நான் அங்கே செயலர். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் வீடுகள் ஒரே வரிசையாக இருக்கின்றன. லயம் என்பார்கள். அதற்கு மேலே பன்னிரண்டு கற்பூர மரக் (யூகலிப்டஸ்) குச்சிகளை சார் அடித்து வைத்தார். ஒவ்வொன்றும் தூக்குக் குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டது. குச்சி பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தால், அடியில் மண் நகர்கிறது என்று பொருள். வாரம் ஒருமுறை போய்ச் சாய்வை அளந்து நோட்டில் எழுதுவார்.

யாருக்கும் வளைந்து கொடுக்காத ஆள். கேரட்டுப் பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தவர்களிடம், ஓட்டுக் கேட்கப் போன இடத்திலேயே சண்டை போட்டார். குறுக்கே இழுத்தால் தண்ணீர் தேங்கி அழுகும் என்பது அவர்கள் கட்சி. "கேரட்டைக் காப்பாத்திட்டுத் தோட்டத்தைப் பள்ளத்துக்கு அனுப்பிடாதீங்க" என்றார். அந்தத் தெருவில் தனக்கு ஒரு ஓட்டும் விழவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இனி என் தப்பு. லயத்து மக்களுக்கு வேறு இடம் கொடுங்கள் என்று சார் எழுதி எழுதி, ஒருவழியாகப் பெரிய அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வந்தார். அதிகாரி வருகிறார் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், சுண்ணாம்பு. முதல் நாளே ஆள் விட்டு, வழியோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிக்கச் சொன்னேன். கோணலாக நின்ற குச்சிகள் கண்ணை உறுத்தின. அவற்றையும் நிமிர்த்தி நட்டு வெள்ளை அடிக்க வைத்தேன். அதிகாரி குடைக்குள் நின்று பார்த்தார். "எல்லாம் நேராத்தானே நிக்குது?" என்றார். சார் நோட்டை நீட்டினார். கண்ணால் பார்ப்பதை நம்புவதா, நோட்டை நம்புவதா என்று கேட்டுவிட்டு அவர் ஜீப் ஏறிவிட்டார்.

அதிகாரியிடம் சார் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பிறகு என்னிடம் மட்டும், "குச்சியை நிமித்திட்டீங்கம்மா. மலையை யாரு நிமித்தறது?" என்றார். மறுவாரம் புது நோட்டில் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார். பதவி போன பிறகும் அளந்தார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும், நோட்டையும் தூக்குக் குண்டையும் என் கையில் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடக்கத்தன்று குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் இறைத்த பிறகுதான் பெட்டியை இறக்க முடிந்தது. லயத்துச் செல்லம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஐயாகிட்ட சொல்லணும்னு இருந்தேன். லயத்துக்குப் பின்னால இருந்த ஊத்து ரெண்டு நாளா நின்னுபோச்சு அம்மா. வீட்டுக்குள்ள தண்ணி வாறதில்ல, நல்லா இருக்கு." நான் சரிவை நிமிர்ந்து பார்த்தேன். "கொட்டுற மழையில ஊத்து நின்னா சந்தோஷப்படாதீங்க. தண்ணி மலைக்குள்ள தங்குது" என்று சார் எத்தனை முறை சொல்லியிருப்பார்!

கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே சரிவில் ஏறினேன். பத்துக் குச்சிகள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. இரண்டைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் என் கை முழுக்க உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு. மேலிடத்துக்குப் போன் செய்தேன். "வியாழக்கிழமை பார்வையிட வர்றாங்க. அதுக்குள்ள அந்தக் குச்சிகளைக் கொஞ்சம் நேராக்கி வைங்க" என்றார்கள். அன்றைய என் குரலை நானே கேட்பதுபோல் இருந்தது.

உத்தரவுக்குக் காத்திருக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே லயத்தைக் காலி செய்ய வைத்தேன். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். "எத்தனை நாளைக்கு அம்மா?" என்று செல்லம்மா கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. கோழிக்குத் தீனி போடுகிறேன் என்று யாராவது நழுவிவிடுகிறார்கள். திரும்பி வரும்வரை எனக்கு உயிர் இல்லை. மழை இன்னும் விடவில்லை.

சாரைத் தெரிந்தவர்கள் மாலை வாங்க வேண்டாம். நாளை வியாழக்கிழமை, இங்கே வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு தூக்குக் குண்டும் ஒரு நோட்டும்தான். அதிகாரி வந்ததும் இந்த முறை நோட்டை நான் நீட்டுவேன். மேலே பத்துக் குச்சிகள் சாய்ந்தபடி நிற்கின்றன. ஒன்றைக்கூட நான் நிமிர்த்தவில்லை.