அப்பாவின் அறையும் சேட்டின் மூட்டைகளும்

மனுஷருக்கு வீட்டை வாடகைக்கு விட்டால் தலைவலி. சரக்குக்கு விட்டால் தும்மல். கொச்சி மட்டாஞ்சேரியில் மூட்டைகளோடு குடித்தனம் நடத்திய என் சக தும்மல்காரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பஜாரில் நாற்பது வருஷம் சுக்கும் மிளகும் தரம் பார்த்த மனுஷர். தூக்கி உட்கார வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். எறணாகுளத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் இல்லத்தில் சேர்த்தோம். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். வீட்டை விற்றுவிடு என்று பம்பாயிலிருந்து தம்பி எழுதினான். நான் விற்கவில்லை. ஒரு குஜராத்தி சேட்டுக்குக் குடோனாக விட்டு, சாவிப் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. தான் கட்டிய வீடு இப்படி ஆனது தெரிந்தால் மனசு விட்டுவிடுவாரோ என்று பயம். அவருடைய அறையை மட்டும் பூட்டிக் காலியாக வைத்திருந்தேன்.

முதல் லோடு

ஹாலில் சுக்கு, மாடியில் மிளகு. நானும் என் வீட்டுக்காரரும் சமையலறைக்கு ஒதுங்கினோம். சாமி படங்களும் எங்களோடு வந்து அடுப்புக்கு மேலே குடியேறின. கடைசி மூட்டை இறங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்றேன். மூட்டை சுமந்த அந்தோணி சேட்டன் நம்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “வெஷமிக்காதீங்க சேச்சி, அழாதீங்க. நல்ல உறப்புள்ள வீடாக்கும். வேற வீடா இருந்தா மச்சு இப்போ கீழ வந்திருக்கும்!”

தம்பி வந்தான்

லீவில் வந்த தம்பி செருப்பைக் கழற்றவே இடம் தேடினான். சாயா கொடுத்தேன்; சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான். இல்லத்துக்கு இதுவரை ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அக்கா, ஒரு நாற்காலி போட இடமில்லாத வீட்டுக்கு எதுக்கு இத்தனை பிடிவாதம்?”

இடவப்பாதி மழை

இடவ மாதம் பாதியில் தொடங்கிய பெரும் மழையில் ஓடு நகர்ந்து மாடியில் ஒழுக ஆரம்பித்தது. ஒரு மூட்டை மிளகு நனைந்தால் பக்கத்து மூட்டையும் பூஞ்சை பிடிக்கும். நானும் வீட்டுக்காரரும் இருக்கிற அண்டா குண்டா எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றி ஒழுகலுக்கு வைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டையாக இழுத்து ஒதுக்கினோம். இடுப்பு ஒரு வாரம் நிமிரவில்லை.

சேட்டு குடையும் பதற்றமுமாக ஓடிவந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட நனையவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் பாராட்டோடு நிறுத்தவில்லை. “பஜார்ல பூட்டுள்ள குடோன் நூறு உண்டு, பெஹன். ஆளுள்ள குடோன் இது ஒண்ணுதான். பூட்டிக் கிடக்கிற அந்த ரூமும் எனக்கு வேணும்.”

கடைசி அறை

முடியாது என்றுதான் சொன்னேன். அந்த மாதமே இல்லத்தில் கட்டணத்தைக் கூட்டினார்கள். இனி அப்பாவின் அறையையும் கொடுக்காமல் தீராது. அவரைக் கேட்காமல் கொடுக்கவோ மனசு வரவில்லை. எப்போதும்போல் குளித்து, வெளுத்த புடவை உடுத்தி, படகேறிப் போனேன். வாயைத் திறக்குமுன் அழுகை முந்திக்கொண்டது.

அப்பா நல்ல கையால் என் முந்தானையை இழுத்து முகர்ந்தார். “சுக்கு. கோழிக்கோட்டுச் சரக்கு. ரெண்டு வருஷமா நீ வர்றப்பல்லாம் இந்த மணமாக்கும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன், மோளே.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எந்த அறையில் என்ன சரக்கு, எத்தனை மூட்டை என்று ஒன்று விடாமல் கேட்டார். அவர் அறை காலி என்றதும்தான் கோபம் வந்தது. “வீட்டிலேயே ஈரம் தட்டாத அறை அது. அதையா சும்மா போட்டிருக்கே? மிளகை அங்க மாத்து!” பிறகு, மருந்தோடு வந்த கன்னியாஸ்திரீயைப் பிடித்துக்கொண்டார். வரிசைக் கட்டிலெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அவர் சொன்னது இதுதான்: “சிஸ்டரே, ஆயுசு முழுக்க அடுத்தவன் குடோன்ல நின்னவன் நான். இப்போ மட்டாஞ்சேரியில எனக்குச் சொந்தமா ஒரு குடோன் உண்டு!”

வீடு போயிற்றே என்று அழப் போனவள், முதலாளியின் மகளாகப் படகேறித் திரும்பினேன்.