கோமதி கறுப்படித்த இரண்டு வரிகள்

கோமதி போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி போன் செய்தார். மூளையில் ரத்தக்கசிவாம்... கோவைக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

இங்கே பலருக்கு அவளைத் தெரியாது. கோவையில் ஜர்னலிசம் படித்தபோது என் ஹாஸ்டல் ரூம்மேட். தாராபுரத்துக்காரி.

மீடியா லா வகுப்பில் நாங்கள் தூங்குவோம். அவள் மட்டும் நோட்ஸ் எடுப்பாள். பரீட்சையன்று மெஸ்ஸில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, எனக்கு அவதூறுச் சட்டம் சொல்லிக்கொடுத்தாள். "உண்மைன்னா மட்டும் பத்தாது புள்ள, ஊருக்கு நல்லதாவும் இருக்கோணும்." அந்தக் கேள்விதான் வந்தது.

இரண்டாம் வருடம், மாணவர்களே நடத்தும் லேப் ஜர்னலுக்கு அவள் எடிட்டர். பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பள்ளிச் சிறுமியைப் பற்றி நான் எழுதினேன். பெயரைப் போடவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தையும், அந்தச் சிறுமியின் அப்பா கடை வைத்திருந்த தெருவையும் கடைசி நேரத்தில் சேர்த்துவிட்டேன், கோமதியிடம் காட்டாமலே.

பிரிண்ட் ஆகி வந்த பிறகுதான் படித்தாள்.

"ஏம்புள்ள, இதுக்குப் பேரையே போட்டிருக்கலாமே?"

"நம்ம பேப்பரை யாரு படிக்கப்போறா... உடு."

"அந்தத் தெருவுல ஒருத்தரு படிச்சாப் போதாதா?"

பத்திரிகைக் கட்டுகளை ரூமுக்குத் தூக்கி வந்து, மார்க்கரால் ஒவ்வொரு பிரதியிலும் அந்த இரண்டு வரிகளைக் கறுப்படித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க. என் பெயர் போட்டு வந்த முதல் கட்டுரை அது... நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். ஒரு பிரதிக்குக்கூட கை கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை, கறுப்படித்த பிரதியைப் பார்த்த துறைத் தலைவர் இருவரையும் கூப்பிட்டு, யார் செய்த தப்பு என்று கேட்டார்.

"நாந்தானுங்க சார். சரியாப் பாக்காம உட்டுப்போட்டேன்" என்றாள் கோமதி.

எடிட்டர் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "சாப்பிடப் போலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு எத்தனை வருடங்கள்... எவ்வளவோ பேசியிருக்கிறோம். இதை மட்டும் நானும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

போன மாதம்கூட, "ஊட்டுக்கு வந்து ரெண்டு நாளு இருந்துட்டுப் போ அம்மணி" என்றாள். வேலை இருக்கிறது, அப்புறம் வாரேன் என்று சொன்னேன்.

இப்போது தாராபுரம் பஸ்ஸில் இருக்கிறேன். பல்லடம் தாண்டிவிட்டது.

போயிட்டு வா கோமதி...