கழுதை முதுகில் ஒரு கிரீடம்

மலைச் சைக்கிள் ஓட்டுகிற 'ரிவ்யூ' என்ற பட்டப்பெயர்க்காரர், தண்ணீர் கேன் வேனில் ஏறிப் போய் முதலிடம் பிடித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. சரி, மூட வேண்டாம். சொல்வது நிஜமா என்று வேன்காரரிடமே கேட்டுவிடலாமே? கேட்டாயிற்று.

"ஏத்திட்டுப் போனேன், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு. ஒருத்தரு கேன் மேல சாய்ஞ்சு படுத்துட்டே வந்தாரு. பந்தயத்துக்குப் போறவன் எவனாச்சும் படுத்துட்டுப் போவானா?"

ஆக, பேச்சில் பாதி நிஜம். மிச்சப் பாதியைத்தான் யாரும் கேட்கவில்லை.

ரிவ்யூ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். பின்னறையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார்; கூட்டமான நாளில் முன்னால் வந்து கண்ணும் பார்ப்பார். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? முன்னதா, பின்னதா?" நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. துடைப்பம் வாங்கினாலும் வாங்கியவர்களின் கருத்தையெல்லாம் படித்துவிட்டுத்தான் வாங்குவார். பட்டப்பெயர் வந்த வழி அது.

"என்னை மட்டும் எப்படித்தான் ஒரே பார்வையில சரின்னாரோ" என்பார் மனைவி, விருந்தாளிகள் முன்னால்.

"அப்ப இந்த வசதியெல்லாம் ஏது?" என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பின்னாலிருக்கும் காட்டு மலையில் சைக்கிள் ஓட்டுகிற ஒரு கும்பல் உண்டு. தலைவர் ஜிம்காரர், ரிவ்யூவின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஜிம்முக்கு ஏறும் படிக்கட்டில் கதவளவு படமாக அவருடைய மார்பு மாட்டியிருக்கும். தலையும் இருக்கிறது, ஆனால் மார்பைத் தாண்டி அங்கே கண் போனதாகச் சரித்திரமில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் சந்தா கட்டுகிறார்கள்.

கும்பலுக்குள் ஓயாத சண்டை ஒன்றே ஒன்று: யார் எவ்வளவு ஓட்டினார்கள்? ஒரே பாதையில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பியிருப்பார்கள். ஒருவர் போன் பத்தொன்பது கிலோமீட்டர் என்னும், இன்னொருவர் போன் இருபத்து மூன்று என்னும். அதிகம் காட்டிய போன்காரர் அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். கடைசியில், எல்லோரும் ஒரே கருவி, ஒரே ஆப் என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கும் வேலை யாருக்கு வரும்? குரங்கு கையில் பூமாலை கொடுத்தால் பிய்க்கும். ரிவ்யூ கையில் கொடுத்தால் ஒவ்வொரு பூவுக்கும் மதிப்பெண் போடும்.

ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் கல்லும் வேரும் குலுக்குகிற குலுக்கலில் கேமரா கெட்டுப்போகிறது. காட்டுக்குள் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி செத்துப்போகிறது. கைக்கடிகாரம் அழகுதான், ஆனால் பள்ளத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும்போது நாடித்துடிப்பைக் கோட்டை விட்டுவிடுகிறது. தொடுதிரை, கையுறைக்கும் மழைக்கும் மசியாது. ஆகவே பொத்தான் வைத்த சின்னக் கருவி. நாடித்துடிப்பு வேண்டுமென்றால் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை. ஆப்பைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்டார்.

"வரைபடத்த முன்னாடியே இறக்கி வச்சுக்கிற ஆப் ஒண்ணு இருக்கு. ஏத்தம் எங்க, இறக்கம் எங்கன்னு காட்டும். வழி தவறினா வீடு கொண்டுவந்து சேர்க்கும்."

"கிரீடம் தருமா?" என்றார் ஜிம்காரர்.

"கிரீடமா?"

"இன்னொரு ஆப் இருக்கே மாப்ள. ஒவ்வொரு மேட்டுக்கும் யாரு வேகமா ஏறினான்னு பேர் போட்டுக் கிரீடம் வைக்குது. நாம என்ன வழி தெரியாமலா இத்தன வருஷம் வீட்டுக்குப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். கிரீடம் ஜெயித்தது. ஒரு மாதப் படிப்பைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் ரிவ்யூ.

கருவி வந்ததும், கடைக்கு விடுமுறையான ஒரு புதன்கிழமை, மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் சோதனை ஓட்டம் போனார்கள். கடிகாரம் சரியா, பட்டை சரியா என்று ஒப்பிட ஒரே ஆளிடம் இரண்டையும் மாட்டவேண்டும். "என் நெஞ்சுல கட்டு. மெஷினே மிரண்டுடும்" என்றார் ஜிம்காரர். கடிகாரமும் அவர் கையில், பட்டையும் அவர் மார்பில். பட்டை அனுப்பும் துடிப்பு மட்டும் ரிவ்யூவின் சைக்கிளில் இருந்த கருவிக்கு வந்துகொண்டிருந்தது.

மலையின் மறுபக்கம் இறங்கி, ஓடையருகே ஜிம்காரர் சைக்கிளை நிறுத்தினார். "ஒண்ணுமில்ல மாப்ள, வாயுப்பிடிப்பு" என்றார். உட்கார்ந்தார். பிறகு படுத்தார். முகம் சட்டையைப்போல் நனைந்திருந்தது.

பங்களாக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேன் அந்த வழியே வந்தது தெய்வச்செயல் என்று சொல்லலாம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் தெய்வம் பொறுப்பேற்குமா தெரியவில்லை. சைக்கிள்களைப் புதரில் தள்ளிவிட்டு மச்சானைத் தூக்கி ஏற்றினார்கள். அந்த அவசரத்திலும் ரிவ்யூவின் கை, அவரைக் கேட்காமலே, ஹேண்டில்பாரிலிருந்து கருவியைத் திருகிக் கழற்றிப் பைக்குள் போட்டது. சைக்கிள்காரர்களின் கைக்கு அது பழக்கம். மனிதர் முனகிக்கொண்டிருக்கும்போது முதலில் கருவியைக் கழற்றினோமே என்பது இன்றைக்கும் அவரைக் குத்துகிறது. பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருந்தாலாவது குத்தோடு போயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழி கழுதை முதுகு. கும்பலில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் மேடு அது. வேனோ கிழடு. முதல் கியரில் உறுமி, அங்கங்கே நின்று யோசித்து, சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறியது. அங்கேதான் விதி சிரித்தது. நல்ல வேனாக இருந்திருந்தால், இது மோட்டார் வண்டி என்று ஆப்பே தள்ளியிருக்கும். இந்த வேனின் வேகம் மனித சக்திக்குள் அடங்கியது. கூடவே துடிப்புக் கோடு வேறு: தாறுமாறாக, மேலே, இன்னும் மேலே. பார்க்கிற எவனும் ஒரு வீரன் உயிரைக் கொடுத்து மேடேறுகிறான் என்றுதான் சொல்வான். உயிர் போய்க்கொண்டிருந்தது நிஜம். ஏறியவனுடையது அல்ல, அவ்வளவுதான்.

ரத்தக்குழாயில் அடைப்பு. சரிசெய்து படுக்கையில் போட்டார்கள். கண் விழித்ததும் ஜிம்காரர் கேட்ட முதல் வரம்: "தங்கச்சிக்குக்கூடத் தெரியக் கூடாது. நெஞ்சுவலிக்காரன்கிட்ட எவன் நெஞ்ச வளர்க்க வருவான்?" உடற்பயிற்சிக் கருவிக் கண்காட்சிக்கு வெளியூர் போயிருப்பதாக வீட்டுக்குச் செய்தி போயிற்று.

இதற்குள் கருவி ரிவ்யூவின் போனோடு பேசி, போன் ஆப்போடு பேசி, மறுநாள் காலை கழுதை முதுகின் கிரீடம் ரிவ்யூவின் தலையில் இருந்தது. "சிங்கம்!" "அண்ணே, என்ன சாப்டீங்க?" என்று வாழ்த்து வந்து குவிந்தது. பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"மச்சான், இத அழிச்சிடறேன்."

"அழிக்காத. ஏன் அழிச்சேன்னு கேப்பான். நோண்டினா எல்லாம் வெளிய வரும். ஏறினேன்னே சொல்லிடு."

"பொய்யில்ல?"

"உன் மச்சான் உசுரு பெருசா, ஒரு மேடு பெருசா?"

அப்படிக் கேட்டால் யார்தான் மேடு என்பார்கள்? குழுவில் ரிவ்யூ ஒரே ஒரு வரி போட்டார்: 'காத்து சாதகமா இருந்துச்சு.' அவர் வாழ்க்கையில் எதையும் படிக்காமல் எடுத்த இரண்டாவது முடிவு அது. முதலாவது நன்றாகவே அமைந்திருந்தது.

மூன்று வாரம் சிங்கமாக இருந்தார். ஜிம்காரர் "கண்காட்சி"யிலிருந்து கொஞ்சம் இளைத்துத் திரும்பினார். உணவுக் கட்டுப்பாடு என்றார், நான்கு பேர் அதற்கும் சந்தா கட்டினார்கள். அப்புறம் வேன்காரர் எங்கேயோ தண்ணீர் இறக்கிய இடத்தில் வாய்விட்டார். பேச்சு கிளம்பியது.

ஒரு ஞாயிறு காலை ஜிம்மிலேயே பஞ்சாயத்து. பளு தூக்கும் பெஞ்சுகளில் கும்பல் உட்கார்ந்திருந்தது. ரிவ்யூவுக்கு உட்கார இடம் விடவில்லை.

"வேன்ல போனீங்களா, இல்லையா?" என்றார் கும்பலில் இருந்த பல் டாக்டர்.

"போனேன்."

"அட, சூரப்புலி! அப்ப அந்தக் காத்து, வேன் ஜன்னல் காத்தா?"

சிரிப்பு அடங்கியதும் பல் டாக்டரே கேட்டார். "ரெண்டு பேரு போனதா வேன்காரர் சொல்றாரே? இன்னொருத்தர் யாரு?"

ரிவ்யூ மச்சானைப் பார்த்தார். ஜிம்காரரின் கை தன்பாட்டுக்கு மார்புக்குப் போய், பாதி வழியில் விழித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் முகம் இருக்கும். அவர் ஏதாவது சொல்வார் என்று ரிவ்யூ காத்திருந்தார். ஒரு வார்த்தை போதும். 'விடுங்கப்பா' என்றிருந்தால்கூடப் போதும்.

"கேக்குறார்ல மாப்ள? சொல்லு" என்றார் ஜிம்காரர்.

"ஒருத்தன்தான். நான்தான்."

"அப்புறம் என்ன பேச்சு?" ஜிம்காரர் எழுந்தார். "சொந்தக்காரன்னு பார்க்க முடியாது. ரூல்ஸ்னா ரூல்ஸ். இனிமே நம்ம கூட்டத்துல வேணாம்." நியாயஸ்தர் என்று அன்றைக்கு அவருக்கு நல்ல பெயர்.

வீட்டில் மனைவி தட்டை வைத்தார், முகம் கொடுக்கவில்லை. "எங்கண்ணனே வெளிய போன்னு சொல்ற அளவுக்கு வச்சுக்கிட்டீங்களே. அவரு நெஞ்சு எப்படித் துடிச்சிருக்கும்?"

எப்படித் துடித்தது என்பதற்கு வரைபடமே போனில் இருந்தது. காட்டவில்லை. அன்றே அந்த ஓட்டத்தை அழித்தார். கிரீடம் பல் டாக்டர் தலைக்குப் போயிற்று.

இப்போது தனியாக ஓட்டுகிறார், அன்று அவர் கெஞ்சிக் கேட்ட, வழி காட்டுகிற அந்த ஆப்பை வைத்துக்கொண்டு. மார்புப் பட்டை மட்டும் திரும்பி வரவில்லை. சோதனைக்கென்று அவர் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் கழற்றி மச்சான் பையில் போட்டார்கள். கேட்டால், "ரெண்டு நாள்ல தர்றேன் மாப்ள" என்று வருகிறது. டாக்டர் சொன்னபடி, ஜிம்மில் கூட்டமில்லாத நேரத்தில் மச்சான் அதைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடக்கிறாராம்.

ஜிம்முக்குக் கீழே சிக்னலில் நிற்கும்போது ரிவ்யூவின் கருவிக்குப் பழைய பட்டையின் ஞாபகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. திரையில் ஓர் எண் துடிக்கிறது. இன்றைக்கு எழுபத்தெட்டு, பரவாயில்லை. பச்சை விழுந்து, பின்னாலிருப்பவர் ஹாரன் அடிக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு, 'மச்சான், அந்தப் பட்டை' என்று மறுபடியும் ஒரு செய்தி அனுப்புகிறார்.