அத்தைக்காக வெள்ளையடித்த மரங்கள்

எங்கள் தோட்டத்தில் பாசி என்றால் அழுக்கு. கவ்வாத்து வெட்டி முடிந்த மலையில் மொட்டையாக நிற்கும் தேயிலைச் செடிகளின் தண்டிலிருந்து அதைச் சுரண்டி எடுப்பது பெண்களின் வேலை. அம்மா அந்த வேலையில் பேர் எடுத்தவள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி பாசியைப் படிக்கவென்றே கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, போனால் ஊர் சும்மா இருக்குமா? அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, லயத்து வீடுகளில் எல்லோரும் 'பாசி டீச்சர்' என்றார்கள். "நாங்க சுரண்டி எறியறோம், இவ அதுக்குப் பொறந்த நாள் கொண்டாடுறா" என்று அம்மா சிரிப்பாள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு இலைக்கன் என்று பேர். மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் தோசை ஊற்றியதுபோல ஒட்டிக் கிடக்குமே, அதுதான். காற்று கெட்டால் மற்ற எதற்கும் முன்னால் அதுதான் சாகத் தொடங்கும் என்று அத்தை சொல்வாள். கலஹா பஸ் எங்களை இறக்கிவிடும் சந்தியிலிருந்து மாரியம்மன் கோயில்வரை ஏறும் மண்பாதையின் ஓரத்தில் பழைய வாகை மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றைத்தான் அவள் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். கண்டியைச் சுற்றி எத்தனையோ மரம் இருக்க ஏன் இங்கே வருகிறாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"டவுன்ல நாளைக்கே வெட்டிப்புடுவாங்க. இல்லாட்டி போஸ்டர் ஒட்டிடுவாங்க. இங்கன்னா அண்ணன் இருக்காரு" என்றாள்.

ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் வருவாள். மரத்தில் அடித்த சிறு ஆணிகளைக் குறியாக வைத்து, பாசியின்மேல் கண்ணாடித்தாளை விரித்து, அதன் விளிம்பைக் கறுப்புப் பேனாவால் வரைவாள். தாள் நழுவாமல் பிடித்துக்கொள்வது என் உத்தியோகம். போன வருசத்துத் தாளை இந்த வருசத்துத் தாளின்மேல் வைத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி இருக்கும். அவ்வளவுதான் அது வளர்ந்திருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்து அத்தை படுகிற சந்தோசம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. தாள்களில் அழகாக வரைந்து அடுக்கிவைத்திருக்கிறாள், பாசியின் கதை அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடியவில்லை. சந்திக்குக் கீழே கல்லுடைக்கும் ஆலை ஒன்று வந்திருந்தது. அது வந்த பிறகு பாசிக்கு என்ன ஆயிற்று என்பதே அத்தையின் கேள்வி. ஆலைக்கு முந்திய அளவுகள் எல்லாம் கையில் இருந்தன. பிந்திய அளவை இந்த மரங்களில் மட்டுமே எடுக்க முடியும், அதையும் அந்த ஆண்டுத் திருவிழா முடிந்ததும் எடுப்பதாக இருந்தாள். ஆய்வேட்டைக் குறித்த காலத்தில் கொடுத்தால் கெம்பஸில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அங்கே பார்த்துக்கொண்டிருந்த தற்காலிக வேலையும் போய்விடும். இதெல்லாம் வளர்ந்த பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது.

"மரத்துல யாரும் கை வைக்காமப் பாத்துக்கங்கண்ணே" என்று தொடக்கத்திலேயே அப்பாவிடம் சொல்லியிருந்தாள். தங்கை படிக்கட்டும் என்று சின்ன வயதில் தன் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து திரும்பியவர் அப்பா. அவருக்கு அவள் சொல் வேதவாக்கு. விறகுக்குக் கிளை வெட்ட வந்த சொந்த மைத்துனரையே கத்தியோடு திருப்பி அனுப்பினார். மாமா அதன் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கை வைப்பது என்றால் கத்தி வைப்பது, அதுதான் அப்பாவுக்குத் தெரிந்த அர்த்தம். காக்க வேண்டியது மரத்தை என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? பாசியை யாராவது காப்பார்களா?

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு அத்தையைச் சிறப்பு விருந்தினராக அழைப்பதென்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. சந்தியில் கட்டிய பேனரில் அத்தையின் பேருக்கு முன்னால் 'கலாநிதி' என்று போட்டார்கள். பட்டம் இன்னும் வரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, வரப்போகிறதுதானே என்று அப்பா சொல்லிவிட்டார். திருவிழாவுக்கு முந்திய நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாகை மரங்களெல்லாம் அடியிலிருந்து இடுப்புயரம் தாண்டி வெள்ளை வெளேரென்று நின்றன. வெள்ளைக்கு மேலே ஒரு காவிப் பட்டை. சலவை வேட்டி கட்டிய மாமன்மார் வரிசையாக நின்று வரவேற்பதுபோல இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது, உண்மையாகவே பிடித்திருந்தது.

மறுநாள் காலை அத்தை பஸ்ஸைவிட்டு இறங்கினாள். தப்பு மேளம் முழங்கியது. அப்பா மாலையைப் போட்டு, போனில் படம் எடுக்கச் சொன்னார். அத்தை படத்துக்கு நிற்கவில்லை. முதல் மரத்தருகே போய் அதில் உள்ளங்கையை வைத்தாள். கையெல்லாம் சுண்ணாம்பு.

"எப்படி இருக்கு தங்கச்சி? எல்லாம் ஒனக்காகத்தான்" என்றார் அப்பா.

அத்தை அடுத்த மரத்துக்குப் போனாள். பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் கை வைத்தாள். மரத்துக்கும் வணக்கம் சொல்கிறாள் என்று யாரோ நெகிழ்ந்து சொன்னார்கள். மேளம் அவள் பின்னாலேயே போயிற்று.

"ஒரு பொட்டுப் பாசி கண்டுபிடி பாப்போம்" என்றாள் அம்மா. "நாங்க பொம்பளைங்க எல்லாம் சேந்து சுரண்டினோம். தேயிலைக்குக்கூட நான் இப்படிப் பாடுபட்டதில்ல."

"பின்பக்கமுமா அண்ணி?"

"பின்ன? அரகொற வேலையா செய்வோம்?"

"ஆணி கீணியெல்லாம் புடுங்கிட்டேன்மா. ஒன் சீல கிழிஞ்சிடக் கூடாதுல்ல" என்றார் அப்பா.

அத்தை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்குண்ணே" என்றாள்.

மேடையில் பேசச் சொன்னார்கள். "என்னைப் படிக்க வச்சது எங்க அண்ணன்தான். அண்ணன் எனக்காகச் செஞ்சத..." என்று தொடங்கியவள் அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். கூட்டம் கைதட்டியது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிடித்தவருக்குக் கடைசிவரை அது பிள்ளையாராகவே தெரிந்தது.

அதற்குப் பிறகு அத்தை கண்ணாடித்தாளோடு வரவே இல்லை. ஆய்வேட்டுக்குக் கூடுதல் தவணை கேட்டாள், கொஞ்சம் கிடைத்தது. நகக்கண் அளவு வளர்கிற ஒன்றுக்கு அது எந்த மூலைக்கு? பிறகு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு டியூஷன் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தாள். இன்றும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத காற்றைப் படிக்க வைத்திருந்த புத்தி, பரீட்சை வினாத்தாளுக்கு விடை சொல்லித் தீர்கிறது. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. யாரைச் சொல்லி நோவது என்று தெரியாததால் எரிச்சல் அடங்குவதும் இல்லை.

அப்பாவுக்கு நோவதற்கு ஆள் இருந்தது. "தோட்டத்துப் புள்ள மேல வந்தா அவனுங்களுக்குப் பொறுக்குமா? ஏதோ செஞ்சு கெடுத்துப்புட்டானுங்க" என்று கெம்பஸ்காரர்களைச் சாகும்வரை திட்டினார். "அவங்க நல்லவங்கதாண்ணே" என்பதற்குமேல் அத்தை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே அவரைப் புதைத்தும் விட்டோம்.

அந்தத் திருவிழா நாளின் பின்னேரம் அத்தையோடு தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்தேன். மலைத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கழுவினாள். சுண்ணாம்பு போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். தோல் சிவந்துவிட்டது. போதும் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளே பேசினாள்.

"அப்பா எப்பவாச்சும் ஒங்கிட்ட கேட்டா, அத்தை சந்தோசத்துலதான் அழுதாங்கன்னு சொல்லும்மா."

சரி என்று தலையாட்டினேன். கேட்டால் நான் எப்படியும் அதைத்தானே சொல்லப்போகிறேன், இதை எதற்கு எனக்குச் சொல்லித்தருகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.