சும்மாடு அவிழ்ந்தால் சேதி

ராயபுரத்துக்குப் பத்திரிகை வராமல் இல்லை. சலூன் பெஞ்சில் ஒன்று, வாசகசாலை மேஜையில் இரண்டு என்று தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. கொரியாவில் சண்டை எந்த மட்டில் இருக்கிறது, டில்லியில் யார் யாரோடு கோபித்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் விலாவாரியாகப் போடுவார்கள். ஆனால் கல்மண்டபத்து எண்ணெய்க் கடையில் நல்ல செக்கெண்ணெய் வந்து இறங்கியிருப்பதையும், பனைமரத்தொட்டித் தையல்காரர் சொன்ன தேதியிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்ட அதிசயத்தையும் எந்தப் பத்திரிகை போட்டது? அதற்கு ராஜாத்தி வரவேண்டும்.

ராஜாத்தி காசிமேட்டுக் குப்பத்து மீன்காரி. புருஷன் தண்டபாணி கட்டுமரத்தில் கொண்டுவந்து போடுவதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வெயில் சுள்ளென்று அடிப்பதற்குள் ரயில்வே கேட் வரைக்கும் உள்ள தெருக்களை முடித்துவிடுவாள். ஆள் குட்டைதான். குரல் அப்படியில்லை. அடுத்த தெருவில் அவள் கூவும்போதே இந்தத் தெருவில் புளியை ஊறப்போட்டுவிடுவார்கள்.

மீன் விஷயத்தில் அவள் வாயில் உண்மை வந்ததே கிடையாது. "இப்பத்தான் கண்ண மூடிச்சும்மா. பாரு, இன்னும் வாலு ஆடிக்கினு கீது" என்று நேற்றைய சங்கராவைத் தூக்கிக் காட்டுவாள். ஆடுவது அவள் கை. பெற்ற பிள்ளை மேல் ஒரு சத்தியம், கடல் மேல் ஒரு சத்தியம், கூசாமல் வரும். வாங்குகிற பெண்களும் கோபித்துக்கொள்வதில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, அவள் சொன்னதில் பாதிக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். உண்மை பேசுகிற மீன்காரியோடு என்னவென்று பேரம் பேசுவது? அதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை.

சேதி என்றால் கதை வேறு. கூடைக்கு அடியில், தலையில் வளையமாகச் சுருட்டி வைத்திருப்பாளே ஒரு பழந்துணி, அந்தச் சும்மாட்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டால், ராஜாத்தி இனி பொய் பேசமாட்டாள் என்று அர்த்தம். ஒரு புயல் வருஷத்தில், கடலுக்குப் போன பையன் ஒருவன் திரும்பாத சேதியை அவன் மாமியார் வீட்டில் சொல்லவேண்டியிருந்தது. சுமைத்துணியைத் தலையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, அவிழ்த்துவிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. சும்மாடு தலையில் இருந்தால் மீன், தோளில் இருந்தால் சேதி. தெருவில் கோலி ஆடுகிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ராஜாத்தி, நம்ம கடையைப் பத்தியும் சும்மாட்டை அவுத்து ஒரு வார்த்தை" என்று குழைவார்கள். அவள் மசியமாட்டாள். "நா துன்னாத்த, கட்டாத்த, பூசாத்த சொல்லமாட்டேன்" என்பாள். புதிதாக வந்த ஒரு சவுக்காரத்தை வாங்கிப்போய்த் துவைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் தெருத்தெருவாக, "நொர நல்லா வருது, அழுக்குதான் போகமாட்டேங்குது" என்றாள். அந்தக் கடைக்காரர் மிச்சச் சவுக்காரத்தை மூட்டையாகக் கட்டித் தண்டையார்பேட்டைக்கு அனுப்பிவைத்தார். தேர்தல் வந்தபோது கஞ்சி போட்ட வேட்டியோடு ஒருவர் குப்பத்துக்கே வந்து கும்பிட்டு நின்றார். "வாங்கிப் பாக்காத சரக்க நா கூவுறதில்ல நைனா. நீ ஜெயிச்சிட்டுப் போ, அஞ்சு வருசம் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டாள். அவர் தோற்றுப்போனார். அதில் தனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்று ராஜாத்திக்கு ரொம்ப நாள் ஒரு பெருமை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அஜீசுன்னிசா கடை திறந்து சோதனை வைத்தாள்.

அஜீசுன்னிசா ராஜாத்தியின் தோஸ்து. கூடை காலியானதும் ராஜாத்தி வந்து கால் நீட்டி உட்காருவது அவள் வீட்டு வாசலில்தான். வெற்றிலைப் பையைக்கூட அங்கேதான் வைத்திருப்பாள். அஜீசுன்னிசாவின் புருஷன் மதார் சாகிப் துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு, காலும் முகமும் வீங்கி, வருஷக்கணக்கில் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளைகுட்டி இல்லை. ஆம்பூரில் இருந்த தம்பி வந்துவிடு, வந்துவிடு என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

"போனா தம்பி பொஞ்சாதிக்குப் பாத்திரம் தேச்சிக்கினு கெடக்கணும்மே" என்றாள் அஜீசுன்னிசா. "வாசல்லயே காலைல நாஸ்டா கடை போடப்போறேன். ரம்ஜான் நோன்பு பொறக்குற வரிக்கும் பாப்பேன். ஓடலன்னா ஆம்பூருதான்."

அவள் ஆம்பூர் போய்விட்டால் தன் வெற்றிலைப் பையை எங்கே வைப்பது என்று ராஜாத்தி அன்றைக்கு வேடிக்கையாகத்தான் கேட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் அது வேடிக்கையாக இல்லை.

கடை திறந்த காலையில் முதல் இலை ராஜாத்திக்கு. இடியாப்பம், மேலே பாயா. ஒரு வாய் வைத்தாள். உப்பு இல்லை. அடுத்த வாயில் காரமும் இல்லை என்று தெரிந்தது. அதற்கடுத்த வாயில், ஆட்டுக்கால் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு மட்டும் போயிருக்கிறது என்பது புரிந்தது. எதிரே அஜீசுன்னிசா முந்தானையை முறுக்கிக்கொண்டு, பரீட்சை எழுதியவள்போல் நின்றிருந்தாள்.

"எப்டிமே கீது?"

"ஷோக்கா கீது" என்றாள் ராஜாத்தி.

"அப்போ ஊருக்குச் சொல்லு!"

சொல்லாமல் முடியுமா? மறுநாள் கூடையோடு கிளம்பினாள். ஒவ்வொரு தெரு முனையிலும் கை சும்மாட்டுக்குப் போனது. போன கை அப்படியே இறங்கி வந்தது. கடைசியில் சும்மாடு தலையில் இருக்கிறபடியே கூவிவிட்டாள். "அஜீசுன்னிசா கடை பாயா! ஒரு வாய் துன்னா ஒம்பது நாளைக்கு நாக்குல நிக்கும்! என் புள்ள மேல சத்தியம்!"

பெண்கள் அவள் வாயைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார்கள். ரயில்வே குமாஸ்தா வீட்டுப் புஷ்பவல்லி வெளிப்படையாகவே கேட்டாள். "ஏன் ராஜாத்தி, சும்மாடு தலையிலயே இருக்கே?"

"கழுத்து வலிம்மா."

"ஓகோ" என்று புஷ்பவல்லி உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், விஷயம் பரவிவிட்டது. ராஜாத்தி சும்மாட்டை அவிழ்க்காமல் ஒரு கடையைப் புகழ்கிறாள் என்றால் அந்தக் கடையில் என்ன லட்சணம் இருக்கும் என்று ஊருக்குச் சொல்லித் தரவேண்டுமா? வந்துகொண்டிருந்த இரண்டொரு துறைமுகக் கூலிகளும் நின்றுபோனார்கள். சினேகிதத்துக்கும் பங்கம் இல்லை, சத்தியத்துக்கும் பங்கம் இல்லை என்று ராஜாத்தி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மீனைக் கூவுகிற மாதிரிதானே கூவினோம், அது பொய்க் கணக்கில் வராது என்பது அவள் வாதம். தினமும் காலியாகக் கிடக்கும் பெஞ்சைப் பார்க்கும்போது அந்த வாதம் தொண்டைக்குள் முள்ளாக நின்றது.

ஒரு நாள் கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் கூவிக்கொண்டிருந்தாள். "அஜீசுன்னிசா கடை பாயா!" என்று இழுத்து, சத்தியத்துக்குக் கையை உயர்த்தித் திரும்பினால், ஆட்டுக்கால் வாங்க வந்த அஜீசுன்னிசா பையோடு எதிரே நிற்கிறாள். பாதிச் சிரிப்பில் இருந்த முகம். தன் கடைப் பெயர் காதில் விழுந்த சந்தோஷத்தில் ஓடிவந்திருப்பாள்போல. அவள் கண் மெல்ல ராஜாத்தியின் தலைக்கு ஏறியது. சும்மாட்டைப் பார்த்தது. திரும்பி நடந்தாள்.

மிச்ச மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ராஜாத்தி அவள் பின்னால் ஓடினாள். அஜீசுன்னிசா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கோச்சிக்காதமே..."

"ஊருக்கெல்லாம் சேதி சொல்ற" என்றாள் அஜீசுன்னிசா. குரல் உயரவே இல்லை. "எவ வூட்டுப் புள்ளைக்குப் பல்லு விழுந்தாலும் ஒன் வாயால ஊருக்குத் தெரியுது. எனக்கு மட்டும் மீனு வித்துட்ட, இல்ல?"

ராஜாத்தி கூடையை இறக்கி வைத்தாள். மெதுவாகச் சும்மாட்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு இல்லமே. காரம் இல்ல. ஒண்ணுமே இல்ல. வாயில வெக்க முடியல."

அஜீசுன்னிசா சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். முகத்தில் உண்மையான திகைப்பு. "கீதே? சரியாத்தான கீது?"

"எங்க கீது?"

"அவருக்கு டாக்டரு உப்பே கூடாதுன்னுட்டாரு. ஆறு வருசம் அப்டித்தான் ஆக்குனேன். அவரு முன்னால ஒக்காந்து நா மட்டும் எப்டிமே ருசியா துன்றது? நானும் அத்தயேதான் துன்னேன்." கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாக்கு மறந்துபூட்ச்சா இன்னா?"

ராஜாத்தி அழுதுவிட்டாள். இத்தனை வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவளுக்கு, உள்ளே வேகிற சேதி தெரியாமல் போய்விட்டதே என்று அழுகை.

அழுது முடித்ததும் வைத்தியம் ஆரம்பித்தது. மறுநாள் அஜீசுன்னிசா உப்பைத் தாராளமாகவே போட்டாள். நாக்கு அளவு சொல்லாதே, கை இஷ்டத்துக்குப் போட்டது. ராஜாத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாமே, கடல்லர்ந்து மொண்டாந்தியா?" என்றாள். அதற்கடுத்த நாள் காரம் போட்டதில் எதிர்வீட்டு நாய்கூடத் தண்ணீர் தேடி ஓடியது. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அஜீசுன்னிசா பழைய டிரங்குப் பெட்டியைத் தூசு தட்டி வெளியே வைத்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் புஷ்பவல்லி வாசலில் ராஜாத்தி வஞ்சிரத்துக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, உள்ளே தட்டு பறந்து விழும் சத்தம் கேட்டது. "மாமனாரு" என்று புஷ்பவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "கால் வீங்கிக் கிடக்கு. டாக்டர் உப்பை நிறுத்திட்டார். அவருக்குன்னு தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிச் சண்டை. எனக்கு உயிர் போகுது."

ராஜாத்தியின் கை வஞ்சிரத்தை அப்படியே விட்டது. சும்மாடு தோளுக்கு வந்தது. அவள் தெரு நடுவில் போய் நின்றாள்.

"எல்லாம் கேட்டுக்கங்கம்மா! அஜீசுன்னிசா கடைல உப்பு கெடையாது. காரம் கெடையாது. ருசின்னு ஒண்ணு கெடையவே கெடையாது, நா துன்னு பாத்துட்டேன். கால் வீங்குனவங்க, டாக்டரு உப்ப நிறுத்துனவங்க, வவுத்துல புண்ணு கீறவங்க அங்க போங்க. ஆறு வருசம் புருசனுக்கு அப்டித்தான் ஆக்கிப் போட்டா. இந்த ஊர்ல அந்தக் கைக்கு ஈடு இல்ல."

ஜன்னல்கள் திறந்தன. எல்லார் கண்ணும் அவள் தோளில் கிடந்த துணியைப் பார்த்தது. ஒரு கிழவர் மட்டும் ஜன்னல் வழியாக விடாமல் கேட்டார். "அந்த மதார் சாகிப்புதான் செத்துட்டாரேம்மா?"

"டாக்டரு ஆறு மாசம்னு சொன்னாரு" என்றாள் ராஜாத்தி. "இவ ஆறு வருசம் வெச்சிருந்தா."

கிழவர் உள்ளே திரும்பி, வீட்டில் தூக்குச்சட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று ராத்திரியே அஜீசுன்னிசா உப்பு ஜாடியைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் பழைய சமையலுக்கே திரும்பினாள். மறுநாள் காலை அவள் வாசலில் முதலில் வந்தது புஷ்பவல்லி வீட்டுத் தூக்குச்சட்டி. பிறகு ஆஸ்பத்திரியில் ஆள் படுக்கப்போட்டிருந்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். வீங்கின கால்களெல்லாம் அந்தப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, எனக்கு இந்த டாக்டர், உனக்கு எந்த டாக்டர் என்று பேசிக்கொண்டே இடியாப்பம் தின்றன. தம்பி நோன்புக்கு முந்தின நாள் அக்காளைக் கூட்டிப்போக ஆம்பூரிலிருந்து வந்தபோது, உட்கார இடம் இல்லாமல் தெருவில் நின்றான். அவள் அவனை இரண்டு குடம் தண்ணீர் பிடித்துவரச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் நலம் விசாரித்தாள். டிரங்குப் பெட்டி கடைக்கு இன்னொரு பெஞ்சாகிவிட்டது.

தன் கடைக்கு ருசி இல்லை என்று ஊரைக்கூட்டிச் சொன்னதற்காக அஜீசுன்னிசா ராஜாத்திக்கு ஒரு தண்டனை விதித்தாள். தினமும் கூடை காலியானதும் அங்கே உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டுத்தான் வெற்றிலை போடவேண்டும். ஊர்ச்சேதி முழுவதையும் ராஜாத்தி முதலில் அவளிடம் சொல்லிவிடுவாள். அதையும் தண்டனையில் சேர்த்துக்கொண்டது அவளேதான். சொல்லி முடித்துக் கடைசி வாயை எப்படியோ விழுங்கியதும், அஜீசுன்னிசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்.

"எப்டிமே கீது?"

ராஜாத்தி அவசரப்படமாட்டாள். தோளில் கிடக்கும் துணியை எடுத்து, மடியில் வைத்து நிதானமாக வளையமாகச் சுருட்டி, தலையில் சரியாக வைத்துக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பாள்.

"ஷோக்கா கீதுமே. என் புள்ள மேல சத்தியம்!"

அஜீசுன்னிசா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே அவள் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.