பகலில் ஒரு சாவு

பகலெல்லாம் தோள்கொடுக்க ஆண்கள் இல்லாத ஊரில், ஒருவர் இறந்தால் பாடையைத் தூக்குவது யார்? எதிர்வீட்டு அம்மா இறந்த நாள்வரை இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

சுரங்கம் மூடியபின் எங்கள் தங்கவயல் வேறோர் ஒழுங்குக்குள் வந்துவிட்டது. விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் வேலைசெய்து, இருட்டியபின் திரும்புவதே இங்குப் பலருடைய வாழ்க்கை. கடைவீதி மட்டும் பகலிலும் நிறைந்திருக்கும். பூதிகோட்டைப் பக்கத்து விவசாயிகள்கூடத் துணிமணிக்கும் கைப்பேசிக்கும் இங்குதான் வருகிறார்கள். ஆனால் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், பகலில் மிஞ்சுவது பெண்களும் பென்ஷன்காரர்களும்தான். நானும் ரயிலில் போகிறவள். அன்று வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஊரில் இருந்தேன்.

பகலில் சாவு விழுந்தால் சாயங்கால ரயில் வரும்வரை எடுக்காமல் வைத்திருப்பது எங்கள் லைனின் வழக்கம். அதில் யாரையும் குறைசொல்ல முடியாது. சொந்த வீட்டுச் சாவுக்கு விடுப்புக் கேட்கலாம். அண்டைவீட்டுச் சாவுக்கு எந்த முதலாளி கொடுப்பார்?

அந்த அம்மா விடியற்கால ரயில் போனபிறகு இறந்தார். இடுகாட்டில் குழிவெட்டுகிறவர் நண்பகலுக்குள் குழியைத் தயார்செய்துவிட்டார். எங்கள் பௌத்த வழக்கப்படி பஞ்சசீலமும் சொல்லி முடித்தாயிற்று. எல்லோரும் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கியபோதுதான் அவருடைய ஒரே மகள் எழுந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுகிறவள்.

“ட்ரெயினுக்கு நிக்க வேணாம். இப்பவே எடுக்கணும். அப்பா சுரங்க ஷாப்ட்லருந்து ஏறி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னாங்க. அப்புறம் நான் பெங்களூரு போயி வேலை செஞ்சப்போ ட்ரெயினுக்கு நின்னாங்க. ‘செத்த பின்னாடியாவது யாருக்கும் காத்துக்கினு கெடக்க மாட்டேன்டி’ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாங்க.”

அவளுடைய பெரியப்பா, சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர், நாற்காலியில் நிமிர்ந்தார். “எடுக்கறது சரிம்மா. தூக்கறது யாரு? எங்களுக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கினாலே மூச்சு நிக்குது.”

அது உண்மை. அங்கிருந்த பென்ஷன்காரர்கள் அத்தனைபேர் நெஞ்சிலும் சுரங்கத் தூசி. வண்டி வைக்கவும் வழியில்லை. இடுகாட்டுக்கு, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதைதான்.

“நாங்க தூக்கறோம்” என்றாள் அக்கா.

“பொம்பளைங்களா? ஊரு இன்னா சொல்லும்?”

பக்கத்துவீட்டுக்காரி, இட்லிக்கடை நடத்துகிறவள், சட்டென்று சொன்னாள்: “ஊரு எங்க கீது மாமா? ஊரு பூரா ட்ரெயின்ல கீது. சாயங்காலம் எறங்கி வந்து சொல்லட்டும்.”

சாவு வீடென்றும் பாராமல் சிலர் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. வழியில் எங்களில் ஒருத்தி தடுக்கி விழுந்தால், அந்தப் பழி காலமெல்லாம் அக்காவின் தலையில் விழும். மாலையில் திரும்பும் ஆண்கள் தங்களை ஒதுக்கிவிட்டதாக நினைக்கலாம். நாளை இன்னொரு சாவுக்கு வராமலும் போகலாம். மறுபக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வாக்கு. கேட்டவர் இறந்துவிட்டார், அதை இனி நினைவூட்ட அவர் வரமாட்டார். அதை மீறுவது அத்தனை எளிது, அதனாலேயே மீறக்கூடாது என்று தோன்றியதும் என் தயக்கம் தீர்ந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

நால்வர் தூக்கினோம். எங்கள் உயரங்கள் பொருந்தவில்லை; பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெரியப்பா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“நில்லுங்க, நில்லுங்க! இன்னா தூக்கறீங்க? ஒசரமா கீறவங்க ரெண்டு பேரும் பின்னாடி போங்க. மேடு ஏறுது பாரு.”

இடம் மாறினோம். பாடை நேரானது. அதன்பிறகு அவர் எங்களை விடவில்லை, மூச்சிரைக்க முன்னால் நடந்துகொண்டே, தோள் தளர்கிறது என்று கண்டபோதெல்லாம் “ஷிப்ட் மாத்து!” என்று குரல் கொடுத்தார். உடனே கூட வந்த பெண்கள் தோள்கொடுக்க, நாங்கள் விலகினோம். அக்கா மட்டும் எந்த ஷிப்டிலும் விலகவில்லை. அதே தூசியை நெஞ்சில் சுமக்கும் அவளுடைய அப்பாவும், மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக்குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையைப் பாடையின் மூங்கிலில் வைத்தபடி வந்தார். அவர் கை எதையும் தாங்கவில்லை. கையை எடுக்கச்சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை.

மண் தள்ளி முடித்தபோது இன்னும் வெயில் இருந்தது.

இருட்டியபின் அக்காவும் நானும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தோம். ரயிலிறங்கிய ஆண்கள் சேதி கேட்டு, தோளில் பையோடு நேராக இடுகாட்டுக்கே வந்தார்கள். ஒருவர் குவிந்திருந்த மண்ணைப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கேட்டார்: “எங்களுக்காக கொஞ்சம் நேரம் நிக்கக்கூடாதா?”

“அம்மா நிக்கலண்ணா” என்றாள் அக்கா.

அவர் பையை இறக்கிவைத்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் லைனில் சாவுக்கு ரயில் நேரம் பார்ப்பதில்லை. எடுக்கும் நேரத்தை அந்த வீட்டார் சொல்கிறார்கள். அப்போது ஊரில் இருக்கிறவர்கள் தூக்குகிறோம்.